ராகு காலம் தவிர்த்த ஆன்லைன் பரீட்சை

போன வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டு போன் ஒன்றரை மணி நேரம் என்கேஜ்டாகவே இருந்தது.

நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் டெல்லி லக்ஷ்மிபாய் நகர்த் தமிழர்களில் பாதிப் பேர் எங்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலியில் என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்கு வயது மீனு வாசலில் நின்று, வருகிறவர்களிடமெல்லாம் "அம்மா பேச மாட்டேங்கிறா" என்று அறிக்கை விட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு சர்டிஃபிகேட்டுக்காக.

என்னைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருகிற ரகம் நான். திரும்பி வந்து, மூடியிருப்பதைப் பார்த்து, மறுபடி பஸ் ஸ்டாப் போனதும் 'சரியாகத்தான் பார்த்தோமா?' என்று யோசிப்பேன். இப்படிப்பட்டவள், ஒரு டிகிரி படித்துக்கொண்டிருக்கும்போதே கூடவே இன்னொரு படிப்பையும் இழுத்துப் போட்டுக்கொள்வாளா? போட்டுக்கொண்டேன். அந்தக் கதைதான் இது.

தபால் வழியில் எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கிறேன். இது இரண்டாம் வருடம். டிசம்பரில் மந்திர் மார்க் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். போன கோடையில் நோய்டாவில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பாடங்களைக் கம்ப்யூட்டரில் படிக்கிற மாதிரி தயாரிக்கிற கம்பெனி. வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டிலிருந்தே! மீனுவைக் க்ரெஷ்ஷில் விடவேண்டாம், யாரிடமும் கெஞ்சவேண்டாம்.

இன்டர்வியூ எடுத்தவர் என் வயதுக்காரர். என் மார்க் ஷீட்டை மரியாதையாகப் புரட்டினார். "டிகிரி படியா ஹை, மேடம்" என்றார். பிரமாதமாம். "பட்... ஆன்லைன் சர்டிஃபிகேட் ஏதாவது இருக்கா?"

இல்லை.

"அது ஒண்ணு முடிச்சிடுங்க. தீபாவளிக்கு முன்னாடி ஆச்சுன்னா, இந்த வேலை உங்களுக்குத்தான்."

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு ஒரே யோசனை. இத்தனை வருடம் விழுந்து விழுந்து படித்த கணக்கு போதாதா? முகம் தெரியாத எவனோ, எங்கேயோ இருந்து, ஒரு கம்ப்யூட்டர் வழியாக 'இவளுக்குத் தெரியும்' என்று சொன்னால்தான் எனக்குத் தெரியுமா?

கோபம் வந்தது. கோபம் அடங்கியதும் கோர்ஸில் சேர்ந்தேன்.

கோர்ஸ் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கணக்கு தெரிவது வேறு, கண்ணுக்குத் தெரியாத ஒரு குழந்தைக்குத் திரை வழியாகக் கணக்குச் சொல்வது வேறு. அதை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை. மீனு தூங்கும் மத்தியான வேளைகளில் படித்தேன். எம்.எஸ்ஸி. பாடம் ஒரு நாள், இது ஒரு நாள். இடையிடையே, பிள்ளையோடு விளையாட வேண்டிய நேரத்தைத் திருடுகிறேனோ என்ற கேள்வி தனி பாடமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு விடுமுறையே கிடையாது.

கடைசியில் ஒரு தேர்வு. ஒன்றரை மணி நேரம், ஆன்லைனில். ஒரு தடவைதான். நடுவில் இணைப்பு அறுந்தால் அதோடு சரி. அடுத்த வாய்ப்பு அரை வருடம் கழித்து. நோய்டாக்காரர் அரை வருடம் காத்திருக்கப் போவதில்லை.

இதில்தான் நான் ஒரு காரியம் செய்தேன்.

தேர்வுக்கு நாமே நேரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆகஸ்டில் மெயில் வந்தது. அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, நம் ஊர் நேரத்துக்கு மாற்றி, மூன்று வேளை கொடுத்திருந்தார்கள். காலை பதினொன்று, மதியம் மூன்று, மாலை நாலரை. சமையலறைச் சுவரில், திருநெல்வேலி நகைக்கடைக்காரர் கொடுத்த தினசரிக் காலண்டர் தொங்குகிறது. நேரே அதனிடம் போனேன். அக்டோபர்த் தாள்களுக்குள் விரலை விட்டு, வெள்ளிக்கிழமையைப் பிடித்தேன். பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். பதினொரு மணி அவுட். மூன்று முதல் நாலரை எமகண்டம். மூன்று மணி அவுட். நாலரை... சுத்தம்!

'நாலரை' என்று மவுஸைத் தட்டினேன். மனதுக்கு என்ன நிம்மதி தெரியுமா? தேர்வை நடத்துகிற கம்ப்யூட்டர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்த ஊரில் அப்போது ராகு காலமா குளிகையா என்று நான் யோசிக்கவே இல்லை.

யோசிக்காதது அது மட்டுமில்லை. ராகு காலத்தைப் பார்த்தேன். எமகண்டத்தைப் பார்த்தேன். அதே தாளில், அதற்கு மேலேயே சிவப்பு எழுத்தில் போட்டிருந்ததைப் பார்க்கவில்லை. நவராத்திரி!

நவராத்திரி வெள்ளிக்கிழமை, மாலை நாலரை மணி. டெல்லியில் ஒரு தமிழ்ப் பெண்மணிகூட அந்த நேரத்தில் தன் வீட்டில் இருக்கமாட்டாள். பட்டுப்புடவையும் குங்குமச் சிமிழுமாக, ஏதாவது ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

நேரத்தை மாற்ற முடியாது. எழுதிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். கொலுவை மாற்ற முடியுமா? அது அதற்கு மேல். கல்யாணமான வருடத்திலிருந்து வைக்கிறோம்.

"எல்லார்கிட்டயும் எக்ஸாம்னு சொல்லிடேன்" என்றார் என் கணவர்.

சொல்லலாம். ஆனால் தேறாவிட்டால்? காய்கறி வண்டி முன்னால், பஸ் ஸ்டாப்பில், சரோஜினி நகர் மார்க்கெட்டில் தேங்காய் தட்டிப் பார்க்கும்போதெல்லாம், "என்னாச்சு அந்தப் பரீட்சை?" என்று கேட்பார்களே! அக்கறையாகத்தான் கேட்பார்கள். அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியாது.

அதனால் ஒரு யுக்தி செய்தேன். எங்கள் வீட்டில் ஒரே டெலிபோன் லைன். இன்டர்நெட்டில் இருந்தால் போன் என்கேஜ்டு. கொலுவுக்கு அழைக்க வந்தவர்களிடமெல்லாம், "வெள்ளிக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி வைத்தேன். டெல்லியில் அது ஒன்றும் அதிசயமில்லை, எல்லோரும் சொல்வதுதான். போன் செய்வார்கள், என்கேஜ்டு டோன் வரும், 'சரி, அப்புறம் போகலாம்' என்று வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆறு மணிக்கு மேல் வருவார்கள். அதற்குள் என் தேர்வு முடிந்திருக்கும்.

எவ்வளவு கச்சிதமான திட்டம்! கணக்கு படித்தவள் அல்லவா?

வெள்ளிக்கிழமை வந்தது. இவர் நான்கு மணிக்கே வந்து மீனுவைப் பார்க்குக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. மூன்றே முக்காலுக்கு ஆபீசிலிருந்து போன். "மினிஸ்டர் ஆபீஸ்லேர்ந்து அவசர ஃபைல். அஞ்சரைக்குள்ள வந்துடறேன். நீ டென்ஷன் ஆகாதே."

டென்ஷன் ஆகாதே! மத்திய அரசு அதிகாரிகள் மனைவியருக்குச் சொல்லும் வாக்கியங்களிலேயே பயனற்றது இதுதான்.

மீனுவை ஹாலில் ஜமக்காளத்தில் உட்காரவைத்தேன். க்ரேயான் டப்பா, பெரிய தாள். "அம்மா உள்ளே எக்ஸாம் எழுதறேன். கூப்பிடக் கூடாது. போனை மட்டும் தொடவே கூடாது. தொட்டா அம்மாவோட எக்ஸாம் போயிடும்." ஹால் போனின் ரிசீவரை யாராவது எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும். வயரைப் பிடுங்கி வைத்துவிடலாம்தான். ஆனால் கம்ப்யூட்டருக்கும் சுவரிலுள்ள அதே டெலிபோன் டப்பாவிலிருந்துதான் வயர் போகிறது. எதைப் பிடுங்கினால் எது போகும் என்று எனக்கு நிச்சயமில்லை.

மோடம் கீச்சிட்டது, இருமியது, தொண்டையைச் செருமிக்கொண்டது. இணைந்தது. கண்ணை மூடி ஒரு நிமிடம் பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, ஆரம்பித்தேன்.

முதல் அரை மணி நேரம் அமைதி. பார்க்கிலிருந்து ராம்லீலா ஒத்திகையின் ஒலிபெருக்கி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. கேள்விகள் எல்லாம் தெரிந்தவை. எனக்கு லேசாகச் சிரிப்புகூட வந்தது. யுக்தி பலித்துவிட்டது!

அப்போது காலிங் பெல் அடித்தது.

எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது. பிறகு கதவு தட்டப்பட்டது. கூடவே மாடி வீட்டுக் கல்யாணி மாமியின் குரல். "கோமதி! ஏய் கோமதி! கதவைத் திறடி!"

தெரிந்த குரல் என்றால் கதவைத் திறக்கலாம் என்று நான்தான் மீனுவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நல்ல பிள்ளை. ஸ்டூலைப் போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"அம்மா எங்கேடா கண்ணா?"

"உள்ளே. சுப்சாப் உக்காந்திருக்கா. அம்மா பேச மாட்டேங்கிறா. கண்ணை மூடிட்டு உக்காந்திருந்தா."

"ஐயையோ! அப்பா எங்கே?"

"அப்பா வரலை."

இதைவிட மோசமாக ஒரு குடும்ப நிலவரத்தை யாராலும் சொல்ல முடியாது.

மாமி உள்ளே பாய்ந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது, கும்பகோணத்துக்காரர், எங்கள் பிளாக்கின் கேள்வி கேட்கப்படாத தலைவி. "என்னடி ஆச்சு? உங்கம்மா திருநெல்வேலிலேர்ந்து எனக்கு போன் பண்ணி அழறா. உன் போன் அரை மணியா என்கேஜ்டாம். நானும் அடிச்சுப் பார்த்தேன். உங்காத்துக்காரர் ஸ்கூட்டரையும் கீழே காணும். சண்டையா? ஊர்ல யாருக்காவது...?"

"மாமி... எக்ஸாம்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்னது?"

"ஆன்லைன் பரீட்சை மாமி. ஆறு மணி வரைக்கும். வேலைக்கு. நடுவுல நிறுத்தினா போச்சு."

மாமி ஒரு வினாடி என்னைப் பார்த்தார், ஒரு வினாடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பரீட்சையா? நவராத்திரி வெள்ளிக்கிழமையிலயா? எந்த மடையன்டி இந்த நேரத்தை வச்சான்?"

நான் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனேன். தேர்வில் மும்முரமாக இருந்தேன்.

அதற்குள் வாசலில் இன்னும் குரல்கள். சரோஜினி நகர் சாந்தா அக்கா, அவர் தெருவிலிருந்து மூன்று பெண்கள். திருச்சிக்காரரான சாந்தா அக்கா ஒரு அறைக்குள் பேசினால் அடுத்த அறையில் பாத்திரம் அதிரும். "போன் அடிச்சு அடிச்சுப் பார்த்தேன் கோமதி! என்கேஜ்டு, என்கேஜ்டு, என்கேஜ்டு! ரிசீவரை ஒழுங்கா வைக்கலை போலருக்கு, நேர்ல போய்ச் சொல்லிட்டு வருவோம்னு வந்துட்டோம்!" அவர்களுக்குப் பின்னால் எதிர் வீட்டு திவ்யா. பி.காம். இரண்டாம் வருடம், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். "ஆன்ட்டி, உங்க போன் டெட்டா? அம்மா பாத்துட்டு வரச் சொன்னா."

என்கேஜ்டு டோன் கேட்டால் ஜனங்கள் வராமல் இருப்பார்கள் என்பதுதானே என் கணக்கு? தப்பு. நம் ஜனங்கள் போன் எடுத்தால் பேசுவார்கள். எடுக்காவிட்டால் நேரில் வருவார்கள்!

கண் திரையில், காது ஹாலில். இன்னும் கால் பங்கு கேள்விகள் பாக்கி. அப்போது மாமி சொன்னது காதில் விழுந்தது.

"உங்கம்மா பாவம், பதறிண்டிருக்கா. ஒண்ணுமில்லேன்னு ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

அறை வாசல் திரைச்சீலை இடுக்கில் பார்த்தேன். மாமி ஹால் போனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கை நீண்டது.

நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். நோய்டா, தீபாவளி, மத்தியானங்கள், மீனுவிடமிருந்து திருடிய நேரமெல்லாம் அந்த ரிசீவருக்கும் மாமியின் விரல்களுக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தன.

"தொடக் கூடாஆஆது!"

கத்தியது மீனு. க்ரேயானை எறிந்துவிட்டு ஓடிவந்து, போன் மேல் அப்படியே படுத்துக்கொண்டாள். "தொட்டா அம்மா எக்ஸாம் போயிடும்! மத் சூனா!"

மாமி சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

திவ்யாதான் முதலில் பேசினாள், கிசுகிசுப்பாக. "மாமி, இன்டர்நெட் இந்த லைன்லதான் ஓடுது. ரிசீவரை எடுத்தா கட் ஆயிடும். நான் இங்கயே உக்காந்துக்கறேன். யாரையும் தொட விடமாட்டேன்." பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ. எழுதுங்க" என்றாள். இதே வார்த்தையைத்தான் என் கணவரும் சொன்னார். ஆனால் இவள் போனுக்குக் காவல் இருந்துகொண்டு சொன்னாள்.

அதன்பிறகு என் வீட்டில் நடந்தது, நான் பார்த்த கொலுக்களிலேயே விசித்திரமானது.

மாமி தன் வீட்டுக்கு ஏறிப் போய் அங்கிருந்து என் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டு வந்தார். இறங்கி வந்ததும் என் வீட்டுக்கு எஜமானியானார். வருகிறவர்களை வாசலிலேயே உதட்டில் விரல் வைத்து வரவேற்றார். குங்குமம் கொடுத்தார். ஜமக்காளத்தைக் காட்டினார். கொலு வீட்டில் 'ஒரு பாட்டு பாடுங்களேன்' என்று கேட்பது வழக்கம் அல்லவா? கேட்காமலே பாடுபவர் சாந்தா அக்கா. பாவம், வாயை இறுக்க மூடிக்கொண்டு, தொடையில் சத்தமில்லாமல் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தார். படியில் பொம்மைகள், பாயில் பட்டுப்புடவைகள். இரண்டு பக்கமும் ஒரே அமைதி. யார் யாரைப் பார்க்க வந்தார்கள் என்றே தெரியவில்லை.

கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டேன். ஏழு வயதுக் குழந்தைக்குப் பின்னம் சொல்லித் தரும் பாடம். அதன் முதல் திரையை எழுத வேண்டும்.

இதை எதிர்பார்த்துத் தயார் செய்து வைத்திருந்தேன். பீட்சா! கோர்ஸ் முழுக்கப் பீட்சாதான். அரை பீட்சா, கால் பீட்சா, எட்டில் மூன்று பீட்சா. நான் வாழ்க்கையில் ஒரு பீட்சாவைக்கூட வெட்டியதில்லை. ஆனாலும் மனப்பாடம் செய்திருந்தேன்.

டைப் அடிக்கப் போனவள், தற்செயலாகத் திரைச்சீலைப் பக்கம் பார்த்தேன். மாமி ஒரு பாத்திரத்தில் இருந்த காபூலி சனா சுண்டலைக் கிண்ணங்களில் பங்கு வைத்துக்கொண்டிருந்தார். மறுபடி கதவு லேசாகத் தட்டப்பட்டது. இன்னும் இரண்டு பேர். மாமி அசரவில்லை. ஏற்கெனவே வைத்த கிண்ணங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் புதுக் கிண்ணங்களில் போட்டார். மறுபடி கதவு. மறுபடி கொஞ்சம் கொஞ்சம்.

ஆள் கூடக்கூடப் பங்கு சின்னதாகிறது. ஆனால் எல்லாம் சேர்ந்தால் அதே ஒரு பாத்திரம்தான்.

பீட்சாவை விட்டுவிட்டேன். 'உன் வீட்டில் ஒரு பாத்திரம் சுண்டல் இருக்கிறது. இரண்டு பேர் வருகிறார்கள். பிறகு கதவு தட்டப்படுகிறது...' என்று ஆரம்பித்து எழுதினேன். எழுதும்போதே வழக்கமான சந்தேகம். பீட்சாவே பாதுகாப்போ? கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குச் சுண்டல் புரியுமா? அழித்துவிடலாமா? மூன்று நிமிடம்தான் இருந்தது. அழித்தால் மறுபடி எழுத நேரமில்லை. எனக்கு நல்லது நடக்க வேண்டுமானால் யோசிக்க நேரம் இல்லாமல் போக வேண்டும் போலிருக்கிறது.

அனுப்பினேன்.

திரையில் நீலக்கோடு ஊர்ந்தது... நின்றது... ஊர்ந்தது. திரும்பிப் பார்த்தால், போனுக்குக் காவலிருந்த இரண்டு பேரைத் தவிர எல்லோரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். 'உங்கள் விடைகள் வந்து சேர்ந்தன' என்று வந்தது.

"முடிஞ்சிடுச்சு" என்றேன்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் சாந்தா அக்கா. அவ்வளவுதான்! அடக்கி வைத்திருந்த பாட்டு அணை உடைந்த மாதிரி வந்தது. பார்க்கிலிருந்த ராவணன் ஒரு நிமிடம் வசனத்தை மறந்திருப்பான். உள்ளே மோடம் இணைப்பைத் துண்டித்ததுமே போன் அலறியது. திவ்யா இப்போதுதான் மீனுவைப் போன் மேலிருந்து இறக்கினாள்.

"ஏட்டி, எழுதிட்டியா?" என்றாள் அம்மா. "எங்கிட்டக்கூடச் சொல்லலையே. நான் என்னெல்லாம் நெனச்சுப்போட்டேன் தெரியுமா?"

"ஃபெயிலானா நீ வருத்தப்படுவேன்னு சொல்லலைம்மா."

"நல்லாருக்கே கத! பாஸானா சொல்லு, ஃபெயிலானாலும் சொல்லு. போன மட்டும் எடு!"

ஐந்தரைக்கு வருவதாகச் சொன்ன என் கணவர் ஆறரைக்கு வந்தார். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்து முகம் வெளுத்து நின்றார். "என்னாச்சு?" என்றார். "டென்ஷன் ஆகாதீங்கோ" என்றார் மாமி.

எல்லோரும் கிளம்பிய பின்பும் மாமி நின்றார். கிண்ணங்களை அடுக்குகிற மாதிரி அடுக்கிக்கொண்டே கேட்டார். "ஏன்டி... நீதான் ஏற்கெனவே எம்.எஸ்ஸி. படிக்கிறியே. இது வேற எதுக்கு?"

நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விதானே? ஏதோ சொன்னேன். டிகிரி என்பது புடவை மாதிரி மாமி, இந்தச் சர்டிஃபிகேட்டெல்லாம் சேஃப்டி பின் மாதிரி. புடவை இல்லாமல் பின்னை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? ஆனால் பின் இல்லாமல் டெல்லியில் ஆபீஸ் நேர பஸ்ஸில் ஏறிப் பாருங்கள்!

மாமி சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நான் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் தெரியுமோ? ஃபர்ஸ்ட் க்ளாஸ். ரிசல்ட் வந்த மாசமே கல்யாணம். புடவை அப்படியே பெட்டியில இருக்கு." கடைசிக் கிண்ணத்தை அடுக்கினார். "அந்தக் கம்ப்யூட்டர் கோர்ஸுல... வயசு கேப்பாளோ?"

"கேக்கலை மாமி" என்றேன்.

"திவ்யாவோட அப்பாகிட்டயும் பேசணும். அந்தப் பொண்ணும் ஏதோ கோர்ஸ் சேரணும்னு கெஞ்சிண்டிருக்கு. முதல்ல பி.காமை முடிங்கறார். நான் சொல்லிக்கறேன்." சொல்லிக்கொள்வார். மாமி சொல்லி எங்கள் பிளாக்கில் எதுவும் நடக்காமல் இருந்ததில்லை.

நான் ஹாலுக்கு வந்தபோது மீனு தரையில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். கொலுவின் கீழ்ப்படியில் இருந்த செட்டியார் பொம்மையைத் தூக்கி வந்து, பிஸ்கட் டப்பாவுக்கு முன்னால் உட்காரவைத்திருந்தாள். விஜயதசமி வரை பொம்மையை நகர்த்தக் கூடாது. திட்ட வாயெடுத்தேன்.

"ஷ்ஷ்..." என்றாள் மீனு. "செட்டியார் எக்ஸாம் எழுதறார். போனை யாரும் தொடக் கூடாது."

பிள்ளையிடமிருந்து நேரத்தைத் திருடுகிறேன் என்று எத்தனை மத்தியானங்கள் மருகியிருப்பேன்? அவள் அதற்குள் இதை ஒரு விளையாட்டாக்கித் தனக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். செட்டியாரை அங்கேயே விட்டுவிட்டேன். அவரும்தான் எத்தனை வருடம் கடையையே பார்த்துக்கொண்டிருப்பார்?

நேற்று மெயில் வந்தது. நான்கு தடவை படித்தேன், பேரைச் சரிபார்த்தேன், ஒரு தடவை இவரையும் படிக்கச் சொன்னேன். தேறிவிட்டேன். நோய்டாவிலிருந்து தீபாவளி முடிந்ததும் முதல் பாடம் அனுப்புகிறார்களாம். என் கடைசி விடைக்குக் கீழே, விடை திருத்தியவர் ஒரு வரி எழுதியிருந்தார். 'இந்தப் பாத்திரத்தை என்னால் பார்க்க முடிந்தது. உங்கள் வீட்டுக்கு அடிக்கடி விருந்தினர் வருவார்களா?'

போனை எடுக்காமல் இருந்தால் வருவார்கள், ஐயா.

அம்மாவுக்குச் சொன்னேன். சாந்தா அக்காவுக்குச் சொன்னேன். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டுதான். மாடிக்குப் போய் மாமிக்குச் சொன்னேன். மாமியின் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பழைய ஃபிசிக்ஸ் புத்தகம் திறந்து கிடந்தது. நான் பார்த்ததை மாமியும் பார்த்தார்.

டிசம்பரில் எம்.எஸ்ஸி. தேர்வு. அதற்கப்புறம் இன்னொரு ஆன்லைன் கோர்ஸ் இருக்கிறதாம், நோய்டாக்காரர் சொல்கிறார். சேரலாமா வேண்டாமா என்று வழக்கம்போல் இரண்டு மனதாக இருக்கிறேன். ஒன்று மட்டும் நிச்சயம். அடுத்த தேர்வுக்கு நாள் குறிக்கும்போது ராகு காலம் பார்க்கமாட்டேன், எமகண்டமும் பார்க்கமாட்டேன்.

கல்யாணி மாமி ஊரில் இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பேன்.